சிகாகோ விலையைப் பார்த்துச் சரக்குப் பிடிக்கலாமா?

நமது கடைவீதிகளில் சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. காலையில் கடை திறந்து, சாம்பிராணி காட்டி, கல்லாவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பேரேட்டைப் புரட்டியவர்கள் இப்போது கைபேசியைப் புரட்டுகிறார்கள். "ராத்திரி சிகாகோவிலே சோயா எண்ணெய் ஏறிடுச்சு, மலேசியா இன்னைக்குக் கூடுதலாத்தான் திறக்கும், டின்னுக்கு முப்பது ரூபாய் சேர்த்துச் சொல்லு" என்று பையனுக்கு உத்தரவு போகிறது. பகல் சாப்பாட்டுக்குள் மலேசியா இறங்கிவிட்டால், கூட்டிச் சொன்னதை நம்பாமல் எதிர்க்கடைக்குப் போன வாடிக்கைக்காரரைத் திரும்ப அழைக்க முடிவதில்லை.

இதே அன்பர்கள்தான் சங்கத்தின் பொதுக்குழுவில், "அத்தியாவசியப் பொருட்களில் ஆன்லைன் முன்பேர வர்த்தகத்தை நிரந்தரமாகத் தடை செய்க" என்ற தீர்மானம் வரும்போது முதலில் கை தூக்குகிறார்கள். காலையில் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும், மாலையில் அதையே விஷம் என்பதும் ஒரே காரணத்தால் வருகிறது என்பது நமது அபிப்பிராயம். அந்த எண் என்ன, எங்கிருந்து வருகிறது, நம் சரக்கு மூட்டைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நாம் உட்கார்ந்து படித்ததில்லை. கமிஷன் மண்டியின் நுணுக்கம் அத்தனையும் தெரிந்த நமக்கு இது ஒன்றும் விளங்காத வித்தை அல்ல.

சிகாகோ நகரம் மிச்சிகன் என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. சுற்றியுள்ள சமவெளியில் விளையும் கோதுமையும் மக்காச்சோளமும் அங்கே வந்து சேரும். அறுவடைக் காலத்தில் வண்டி வண்டியாக வந்து குவிந்து விலை பாதாளத்துக்குப் போகும். ஆறும் ஏரியும் உறைந்த பனிக்காலத்தில் சரக்கு நகராது. வசந்தம் வருமுன் விலை உச்சிக்கு ஏறும். இதைத் தாங்க முடியாமல் 1848-இல் அவ்வூர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். "இன்ன மாதம் இன்ன விலைக்குச் சரக்கு வந்து சேரும்" என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வது வழக்கமாயிற்று. பேச்சை மீறுகிறவர்கள் பெருகவே, 1865-இல் அளவு, தரம், மாதம் எல்லாம் ஒரே மாதிரியான ஒப்பந்தமும், இரு தரப்பும் முன்பணம் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்தன. இதுதான் இன்றைய முன்பேர வர்த்தகத்தின் பிறப்பு. அதைத் தொடங்கியவர்களும் நம்மைப் போன்ற சங்கத்து வியாபாரிகள்தான் என்பதை நம்மில் பலர் அறியார்.

ஒரு தானிய ஒப்பந்தம் 5,000 புஷல். மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 56 பவுண்டு. ஆக ஒரு ஒப்பந்தம் ஏறத்தாழ 127 டன். கோதுமை, சோயா என்றால் புஷல் 60 பவுண்டு, ஏறத்தாழ 136 டன். புஷலுக்கு ஒரு செண்ட் ஏறினால் ஒப்பந்தத்துக்கு 50 டாலர். ஒவ்வொரு நாள் சந்தை முடிந்ததும் அன்றைய விலை ஒன்று நிர்ணயம் ஆகிறது. நேற்றைய விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தோற்றவரிடம் எடுத்து ஜெயித்தவர் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் பாக்கி என்ற பேச்சே இல்லை. பணம் கட்டாதவரின் ஒப்பந்தத்தை முடித்துத் தள்ளிவிடுவார்கள். (முப்பது நாள் தவணை என்று எடுத்துப்போய் அடுத்த தீபாவளிக்குப் பாதி கொடுக்கும் நம் கடைத்தெருவில் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எத்தனை ஷட்டர் திறக்கும் என்று யோசித்துப் பார்க்கிறோம்.)

முன்பெல்லாம் எண்கோணக் குழி ஒன்றில் நின்று கையைக் காட்டிக் கூவி விலை சொல்வார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசுகிறோம். அவர்கள் ஊரறியக் கத்தினார்கள். முன்பேரக் குழிகளில் பெரும்பாலானவற்றை 2015 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்கு முக்கியச் சந்தை நேரம் திறந்து 11.50-க்கு முடியும், குளிர்காலத்தில் ஒரு மணி தள்ளிப்போகும். நாம் கடையடைத்துச் சாப்பிடும் நேரத்தில்தான் அங்கே சூடு பிடிக்கிறது.

இந்தச் சந்தை யாருக்காக ஏற்பட்டது என்பதை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். அயோவா மாநிலத்தில் ஒரு தானியக் கிடங்குக்காரர் விவசாயியிடம் 10,000 புஷல் மக்காச்சோளத்தை 4 டாலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றே சிகாகோவில் இரண்டு ஒப்பந்தத்தை 4.20-க்கு விற்றுவிடுகிறார். ஒரு மாதத்தில் விலை சரிகிறது. கையிலிருந்த சரக்கு 3.75-க்குத்தான் போகிறது; புஷலுக்கு 25 செண்ட் நட்டம். ஆனால் சிகாகோ விலை 3.90-க்கு இறங்கியிருப்பதால் அங்கே விற்றதைத் திரும்ப வாங்கியதில் 30 செண்ட் லாபம். மிச்சம் 5 செண்ட், ஆக 500 டாலர். விலை சரியாமல் ஏறியிருந்தாலும் கணக்கு ஏறத்தாழ இங்கேதான் வந்து நிற்கும். அவருக்கு ஏற்றத்தில் கொண்டாட்டமும் இல்லை, இறக்கத்தில் துக்கமும் இல்லை. தன் ஊர் விலைக்கும் சிகாகோ விலைக்கும் உள்ள அந்த 20 செண்ட், 15 செண்ட் வித்தியாசத்தில்தான் அவர் பிழைப்பு. அவ்வூர்க் கிடங்குக்காரரிடம் விலை கேட்டால் "சிகாகோவுக்கு 20 கீழே" என்றுதான் பதில் வரும்.

தினசரி ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்க வேண்டும் என்பவர்களுக்காக ஏற்பட்ட சந்தை அது. நம்மவர்கள் அதைப் பார்த்துத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டோம். விலை ஏறும்போது தினமும் ரொக்கம் கட்ட வேண்டும்; சரக்கு விற்ற பணமோ பிறகுதான் வரும். 2008 மார்ச்சில் நியூயார்க் பருத்தி விலை திடீரென்று எகிறியபோது, கிடங்கு நிறையப் பஞ்சு வைத்திருந்த பழைய வியாபாரிகளே தினசரிப் பணம் கட்ட முடியாமல் திணறி, சிலர் தொழிலையே விட்டார்கள். சரக்கு இருந்தும் ரொக்கம் இல்லாதவர் கதி அது. சரக்கும் இல்லாமல், கைப்பணமும் கடனாக வாங்கியது என்றால் என்ன கதி என்று நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, விலை ஏன் தினந்தோறும் ஆடுகிறது? ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டு 12, திங்கட்கிழமை. அன்று சிகாகோவில் மக்காச்சோளமும் மாடும் ஒரே நாளில் அனுமதிக்கப்பட்ட எல்லை வரை விழுந்தன. மக்காச்சோளம் புஷலுக்கு 25 செண்ட், மாடு பவுண்டுக்கு 3 செண்ட். ஒரு ஒப்பந்தத்துக்கு முன்னதில் 1,250 டாலர், பின்னதில் 1,200 டாலர் நட்டம். கைபேசியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு எழுத்து. காரணங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

மக்காச்சோளம் விழுந்தது ஒரு அறிக்கையால். அமெரிக்க விவசாயத் துறை மாதம் ஒருமுறை விளைச்சல் மதிப்பீடு வெளியிடும். கோடையில் நம் நேரப்படி இரவு 9.30-க்கு. அந்த வருஷம் வசந்தத்தில் ஓயாத மழையால் விதைப்பு தள்ளிப்போயிருந்தது. விதைப்புப் பரப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்று சந்தை எண்ணியிருந்தது. துறையோ 9 கோடி ஏக்கர் என்றது. எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் அதிகம். ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. ஒரு மூட்டைகூட இடம் மாறவில்லை. காகிதத்தில் ஒரு எண் மாறியதால் மறு நிமிடமே விலை விழுந்தது.

மாடு விழுந்தது தீயால். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்காம்ப் என்ற ஊரில் ஒரு பெரிய மாட்டிறைச்சி ஆலை தீப்பிடித்தது. அந்நாட்டில் வெட்டப்படும் மாடுகளில் 100-க்கு 5, 6 அந்த ஒரே ஆலையில் வெட்டப்பட்டு வந்தன. ஆலை நின்றால் மாட்டை யார் வாங்குவார்? மாட்டு விலை விழுந்தது. ஆலை நின்றால் இறைச்சி எங்கே கிடைக்கும்? அடுத்த நாட்களில் இறைச்சி விலை ஏறியது. வளர்த்தவருக்கு இறக்கம், கடைக்காரருக்கு ஏற்றம். "மாடு லிமிட் இறங்கிவிட்டது, இறைச்சி மலிவாகும்" என்று அன்று கணக்குப் போட்ட ஒரு கசாப்புக் கடைக்காரர் இருந்திருந்தால், அவர் கணக்கு முழுவதும் தலைகீழ்.

"லிமிட்" என்ற சொல்லையும் நம்மவர்கள் தவறாகவே கையாள்கிறார்கள். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று சந்தை போட்டுவைத்த எல்லைதான் அது. எல்லையைத் தொட்டுவிட்டால் அந்த விலையில் விற்க வருவோர் இருப்பதில்லை. வாங்கத்தான் வரிசை நிற்கும். ஆகவே "லிமிட் ஏறியது" என்ற அன்று பலகையில் நிற்கும் எண், பெருவாரிச் சரக்கு கை மாறிய விலை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் முதல் வாரத்தில் உக்ரைன் போரினால் சிகாகோ கோதுமை நாள் தவறாமல் இப்படி எல்லையைத் தொட்டு வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. ஜூலையில் போருக்கு முந்தைய விலைக்கே திரும்பிவிட்டது. போர் அப்போதும் நிற்கவில்லை.

கால்நடை முன்பேரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சைவ அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதில் நமக்கும் பாடம் உண்டு. தானியத்தைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். அதனால் தூரத்து மாத விலை கிட்டத்து மாத விலையைவிடக் கிடங்கு வாடகை, வட்டி, இன்ஷூரன்ஸ் அளவுக்குக் கூடுதலாக இருப்பது சகஜம். அப்படியில்லாமல் கிட்டத்து மாதம் கூடுதலாகவும் தூரத்து மாதம் குறைவாகவும் நின்றால், இப்போது சரக்கு தட்டுப்பாடு, வைத்திருப்பவனுக்குக் கூலி கிடையாது, விற்று முடி என்று சந்தை சொல்கிறது. மொத்த வியாபாரிக்குத் தினசரிச் சிவப்பு பச்சையைவிட இது நூறு மடங்கு உபயோகமான சங்கதி. கைபேசியில் வரும் செய்திகளில் இதை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

மாட்டை அடுக்கி வைக்க முடியாது. வளர்ந்து முடிந்த மாடு தினமும் தீனி தின்னும். விற்றே ஆக வேண்டும். ஆகவே ஒரு மாத விலைக்கும் மறு மாத விலைக்கும் முடிச்சு தளர்வாகவே இருக்கும். இப்படிப்பட்ட உயிர்ச் சரக்குக்கு முன்பேரம் நடக்குமா என்று பலர் சிரித்தபோது, சிகாகோவின் இன்னொரு சந்தையான மெர்கன்டைல் 1961-இல் உறையவைத்த பன்றி வயிற்றிறைச்சியையும், 1964-இல் உயிர் மாட்டையும், 1966-இல் உயிர்ப் பன்றியையும் கொண்டுவந்தது. ஏன் கொண்டுவந்தது என்பதில்தான் சுவாரசியம். அதற்குமுன் அந்தச் சந்தை வெண்ணெய், முட்டை, வெங்காயத்தில் பிழைத்து வந்தது. வெங்காயத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது.

நியூயார்க் மாநிலத்து வெங்காய விவசாயி வின்சென்ட் கொசுகா, சிகாகோ வியாபாரி சாம் சீகல் என்ற இருவர் 1955-இல் சிகாகோவுக்கு வந்த வெங்காயம் அத்தனையையும் ஏறக்குறைய வளைத்துக்கொண்டார்கள். பிறகு இறக்கத்துக்கு ஒப்பந்தம் விற்றுவிட்டு, கட்டிவைத்த சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். அழுகத் தொடங்கிய மூட்டைகளை வெளியூருக்கு அனுப்பிப் பொறுக்கிச் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவந்ததில், புதுச் சரக்கு வெள்ளமாக வருகிறது என்று ஊர் நம்பியது. 1955 ஆகஸ்டில் 2.75 டாலர் விற்ற 50 பவுண்டு மூட்டை 1956 மார்ச்சில் 10 செண்டுக்கு வந்தது. வெங்காயத்தைவிடச் சாக்குக்கு மதிப்பு அதிகம். விவசாயிகள் கொதித்தார்கள். மிச்சிகன் மாநிலத்துப் பிரதிநிதியும் பிற்காலத்தில் ஜனாதிபதியுமான ஜெரால்டு ஃபோர்டு முன்னின்று, 1958-இல் வெங்காய முன்பேரத்தையே ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அந்நாட்டில் வெங்காய விலை ஆடுவது நிற்கவில்லை. மழையும் வெயிலும் சட்டத்தைப் படிப்பதில்லையே.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் கடையில் உள்ள எந்தச் சரக்கை அந்த இரவு விலை தொடுகிறது, எதைத் தொடுவதில்லை?

எண்ணெயைத் தொடுகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பாமாயிலுக்கு மலேசிய முன்பேரம், சோயா எண்ணெய்க்குச் சிகாகோ. ஒன்று ஏறினால் மற்றதும் இழுபடும். அந்த மாட்டு பன்றிக் கணக்கும் இந்த வழியாகத்தான் நம் டின்னுக்கு வந்து சேருகிறது. 2018 ஆகஸ்டில் சீனாவில் பன்றிக் காய்ச்சல் பரவி மந்தை மந்தையாக அழிந்தது. பன்றி குறைந்தால் சோயாப் புண்ணாக்குக்குக் கிராக்கி குறையும்; புண்ணாக்குக்காக ஆட்டும் சோயா குறையும்; அதில் வரும் எண்ணெயும் குறையும். பன்றி சாப்பிடாதவர் வீட்டு வாணலி வரை அந்தச் சங்கிலி நீளும்.

ஆனால் எண்ணெயிலும் இரவு விலை பாதிக் கதைதான். 2022 ஏப்ரல் 22-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்வதாக அறிவித்தது. மலேசிய விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டி நின்றது. நம் தொழிலில் சிலர் வட்டிக்கு வாங்கி டின்களை அடுக்கினார்கள். ஒரு மாதத்தில், மே 23-இல், தடை நீங்கிவிட்டது. ஜூலை நடுவில் விலை 4,000-க்கும் கீழே. அடுக்கியவர்கள் இறக்கும்போது பட்ட பாட்டை நாடறியும். அடுத்து வரியைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா எண்ணெய்க்கு மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாயிற்று. 2025 மே இறுதியில் அதே வரி 16.5 ஆகக் குறைந்தது. டில்லியின் ஒரு சுற்றறிக்கை, சிகாகோவின் பத்து இரவுகளை விழுங்கிவிடும். ரூபாய்க்கு டாலர் விலை வேறு இருக்கிறது.

மக்காச்சோளத்தை அந்த விலை தொடுவதே அபூர்வம். இறக்குமதி வரி என்ற சுவர் நடுவில் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் சிகாகோ மக்காச்சோளம் 4 டாலருக்குக் கீழே, நான்காண்டு காணாத தாழ்வுக்குப் போயிற்று. அதே ஆண்டு இங்கே எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு போக, தீவன விலை தாளவில்லை என்று கோழிப்பண்ணைக்காரர்கள் வரியில்லா இறக்குமதி கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பாதாளம், இங்கே கோபுரம். நாமக்கல்லுக்குத் தீவனச் சரக்குப் போடும் ஒருவர் அந்த ஆண்டு சிகாகோவைப் பார்த்து இருப்பை விற்றுத் தீர்த்திருந்தால் எவ்வளவு இழந்திருப்பார்?

கோதுமையில் 2022 மே 13-இல் ஏற்றுமதித் தடை, 2023 ஜூனில் இருப்பு உச்சவரம்பு, இடையிடையே உணவுக் கழகத்தின் வெளிச்சந்தை விற்பனை. அதன் விலை டில்லியில்தான் எழுதப்படுகிறது. துவரைக்கும் உளுந்துக்கும் சிகாகோவில் பலகையே கிடையாது. பர்மா வரத்தும் ஆப்பிரிக்க வரத்தும் கலபுரகிப் பக்கத்து மழையும் பார்க்க வேண்டிய சங்கதி. ஆயினும் "சிகாகோ ஏறிவிட்டது" என்று பருப்புக்கு விலை கூட்டிய கடையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறோம். நம் நாட்டில் 2003-இல் தேசியச் சந்தைகள் வந்து முன்பேரம் பெருமளவில் திறக்கப்பட்டது. விலை ஏறியதும் 2007 ஜனவரியில் துவரைக்கும் உளுந்துக்கும் தடை விதித்தார்கள். அடுத்த மாதம் கோதுமை, அரிசி. 2008-இல் அபிஜித் சென் தலைமையிலான குழு ஆராய்ந்து, முன்பேரத்தால்தான் விலை ஏறியது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. முன்பேரமே இல்லாத அந்தத் துவரம்பருப்பு 2015 அக்டோபரில் கிலோ 200 ரூபாய் விற்றதும், கிடங்கு கிடங்காகச் சோதனைக்கு வந்து அதிகாரிகள் நம் சாக்கை எண்ணியதும் அங்கத்தினர் யாரும் மறந்திருக்க முடியாது. பழிபோட ஆன்லைன் இல்லாததால் பழி நம் தலையில் விழுந்தது.

2021 டிசம்பரில் கோதுமை, நெல், கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு என்று ஏழு சரக்குகளில் ஓராண்டுக்கு என்று நிறுத்தினார்கள். பிறகு திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். நிறுத்திய நான்காம் மாதமே எண்ணெய் விலை வரலாறு காணாத உயரத்தில் நின்றது. காரணம் உக்ரைனிலும் இந்தோனேசியாவிலும் இருந்தது. மும்பையின் கம்ப்யூட்டரில் இல்லை. நமக்குக் கிடைத்த பலன், உள்நாட்டு விலைப் பலகை அணைந்துபோய், வெளிநாட்டு விலைப் பலகையை மட்டும் பார்த்துத் தொழில் செய்ய வேண்டி வந்தது. சிகாகோவைப் பார்த்து நம்மவர்கள் விலை சொல்லத் தலைப்பட்டதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

இதற்காக முன்பேரச் சந்தையில் குற்றமில்லை என்று வக்காலத்து வாங்கவும் நாம் தயாரில்லை. சரக்கு குறைவாகவும் பணம் அதிகமாகவும் உள்ள சிறிய சந்தையில் நாலு பெரிய கைகள் சேர்ந்தால் விலையைத் தூக்க முடியும். குவார் விலை விண்ணுக்குப் போய் 2012 மார்ச்சில் அந்த வர்த்தகத்தை நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆண்டு இறுதியில் கொச்சியில் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த மிளகு, கனிம எண்ணெய் பூசியது என்று முத்திரை வைக்கப்பட்டு, பணம் போட்டவர்கள் சரக்கையும் எடுக்க முடியாமல் நின்றார்கள். கிடங்கும் தர்ச் சோதனையும் யோக்கியமாக இல்லாத இடத்தில் முன்பேரம் சூதாட்டம்தான். நமது கோபம் அங்கே போக வேண்டும். கொசுகா வெங்காயத்தை வளைத்ததும் கிடங்கில்தான்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் வழக்கமான தடைத் தீர்மானத்தை நிறுத்தி வைக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக மூன்று கோரிக்கைகளை செபிக்கும் மத்திய அரசுக்கும் அனுப்பலாம். நிறுத்திய சரக்குகளைத் திறப்பதானால் முடிவில் சரக்கைக் கொடுத்து வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். கிடங்குகளில் வியாபாரிகள் சங்கப் பிரதிநிதி முன்னிலையில் அவ்வப்போது சோதனை நடக்க வேண்டும். நம்மைப் போன்ற நடுத்தர மொத்த வியாபாரி கலந்துகொள்ளக்கூடிய சிறிய அளவு ஒப்பந்தம் வேண்டும். பத்து டன் சரக்கு வைத்திருப்பவருக்கு நூறு டன் ஒப்பந்தத்தால் பாதுகாப்பில்லை.

இன்னொன்று சங்க அலுவலகமே செய்யக்கூடியது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று நாளிதழ்களில் வாரந்தோறும் ஒரு பட்டியல் வருகிறது. அதை நம்பித் தென்மாவட்டக் கடைக்காரர்கள் காலங்காலமாகக் கொள்முதல் செய்தார்கள். அதே மாதிரி, நம் சங்கத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு, அன்று உண்மையாகக் கை மாறிய விலைகளை ஒரு பலகையில் எழுதிப் போட வேண்டும். பக்கத்தில் தூத்துக்குடி, சென்னை இறக்குமதி அடக்க விலை, லாரி வாடகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வருஷம் அந்த வித்தியாசத்தை எழுதி வைத்தால், எந்த மாதத்தில் அது விரியும், எந்த மாதத்தில் சுருங்கும் என்பது கைரேகை மாதிரித் தெரிந்துவிடும். மூன்று மண்டிக்காரர்கள் தினசரி விலை கொடுக்க ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பகுதியிலிருந்தும் பருப்புப் பகுதியிலிருந்தும் இன்னும் இரண்டு பேர் வேண்டும். முன்வருகிறவர்கள் மாதக் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், அந்தக் கூட்டத்திலேயே பலகையை மாட்டிவிடலாம்.